இன்னைக்குத் தண்ணி

இந்த ஆவணியில் முட்டை ஒரு கை உப்பு முன்னதாகவே மிதந்துவிட்டது.

செல்வகுமாரி அண்டாவுக்குள் குனிந்து பார்த்தாள். விதைநெல்லில் பதரைக் கழிக்க உப்புத் தண்ணீர் வைப்பது அவள் வீட்டில் வருஷா வருஷம் நடப்பதுதான். நாற்பது லிட்டர் தண்ணீருக்கு ஆறு கிலோ கல்லுப்பு. முட்டையை உள்ளே விட்டால் முதலில் அடியில் கிடக்கும். உப்பு ஏற ஏற எழுந்து நிற்கும். போதும் என்கிற இடத்தில் மேலே வந்து, பழைய நாலணா அளவுக்கு வெள்ளை முதுகைக் காட்டும். அப்புறம்தான் நெல்லைக் கொட்டுவார்கள். கனத்த விதை கீழே போகும், பதர் மேலே வரும். இத்தனை வருஷமும் பையை உதறிக் கவிழ்த்த பிறகுதான் முட்டை முதுகைக் காட்டியிருக்கிறது. இந்த முறை பையில் ஒரு கை உப்பு மிச்சம் இருந்தது.

"இன்னாக்கா, அப்பிடியே நின்னுட்ட?" என்றாள் ருக்குமணி. நடவு, களை, அறுப்பு எல்லாவற்றுக்கும் பதினைந்து வருஷமாக மேற்குத் தெருவிலிருந்து அந்த வீட்டுக்கு வேலைக்கு வருகிறவள்.

"முட்ட மெதந்துடுச்சுடி. உப்பு பாக்கி கீது."

"பாக்கி இருந்தா கொழம்புக்குப் போடு. இதுக்கு ஒரு யோசனையா?"

"அது இல்லடி. அண்டால இருக்கற மீதி உப்பு எங்கருந்து வந்துச்சு?"

ருக்குமணி அண்டாவைப் பார்த்தாள். பிறகு கொல்லைக் கோடியில் இருந்த மோட்டார் கொட்டகையைப் பார்த்தாள். தண்ணீரைப் பற்றிப் பேசுவது அந்த வீட்டில் பதினெட்டு நாளாக நின்றுபோயிருந்தது.

பாகூரிலிருந்து கடலைப் பார்த்துப் போகிற சாலையில், ஏரி வாய்க்கால் வந்து சேராத கடைசி ஊர் அது. காற்று கிழக்கிலிருந்து அடித்தால் அலைச் சத்தம் கேட்கும். மேற்கிலிருந்து அடித்தால் கரும்பு வெட்டின வாசனை வரும். ஆவணி மாசத்தில் காற்று இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் நின்றுவிடும். காலையில் வயல்மீது வெள்ளையாக ஒரு மூட்டம் படியும். வரப்பில் போகிற ஆள் இடுப்புக்கு மேலேதான் தெரிவார், கால் இல்லாமல் மிதந்து போகிற மாதிரி.

விதையை அலச வேண்டும். உப்புத் தண்ணீரில் முக்கின நெல்லை நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசாவிட்டால் முளை கருகிவிடும். செல்வகுமாரி மோட்டார் போடச் சொல்ல வாயெடுத்தபோது மகள் அருள்மொழி சைக்கிளில் வந்து இறங்கினாள். கேரியரில் இரண்டு குடம், ஹேண்டில்பாரில் ஒரு கேன். மேற்குத் தெருவின் தனி போரிலிருந்து வரும் பொதுக்குழாய்த் தண்ணீர். குடங்களை அண்டாவுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, இன்னொரு நடைக்குச் சைக்கிளைத் திருப்பினாள்.

வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த புருஷன் நாகராஜன் குடங்களைப் பார்த்தார். துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு, மறுபடியும் பார்த்தார்.

அருள்மொழி சின்னதிலிருந்தே பேசுவது குறைவு. பிஎஸ்ஸி கெமிஸ்ட்ரி கடைசி வருஷம் பிராஜெக்டுக்காக ஊரில் பதினாலு போர் தண்ணீரை அளந்தாள். பேனா மாதிரி ஒரு மீட்டர், டம்ளருக்குள் நுனியை வைத்தால் உப்பின் அளவை எண்ணாகக் காட்டும். ஐந்நூறுக்குள் இருந்தால் குடிக்கலாம். ஆயிரத்தைத் தாண்டினால் பருப்பு வேகாது. இரண்டாயிரத்தை நெருங்கினாலே நாற்று தாங்காது. பிராஜெக்ட் முடிந்தும் பெண்கள் விடவில்லை. "எங்க வூட்டுது இன்னைக்கு எவ்ளோடி?" என்று வழியில் மறித்துக் கேட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் நின்று பதில் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் அவள் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினாள். பேர் 'இன்னைக்குத் தண்ணி'. தினமும் காலையில் படங்கள் ஏறும். ஒரு கை, ஒரு எவர்சில்வர் டம்ளர், மீட்டர், எண். கீழே யார் வீடு என்று ஒரு வரி. வேறு ஒரு வார்த்தை இருக்காது.

செல்வகுமாரிக்கு அந்தப் பக்கம் பிடித்திருந்தது. ஒரு காரணம் மகளின் கை. இன்னொரு காரணம் அவளுடைய சொந்த நாக்கு. உள்ளூரிலேயே கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருந்ததாக அவளுக்கு நினைவு. எந்த வருஷம் மாறியது என்று கேட்டால் தெரியாது. நாக்கு தினம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டே வந்துவிட்டது. எண்ணுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மழைக்காலத்தில் இறங்கியிருந்தது பங்குனியில் ஆயிரத்து நூறு, சித்திரையில் ஆயிரத்து ஐந்நூறு, ஆனியில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று அது பாட்டுக்கு ஏறியது.

ஆடி மாசம் ஒரு நாள் அருள்மொழி ஊர்க் குடிநீர்த் தொட்டித் தண்ணீரையும் அளந்து போட்டாள். தொட்டித் தூணில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள், உப்பளவு 420 என்று. பலகையை ஒரு படம், டம்ளரை ஒரு படம். டம்ளரில் 1640. அன்றைக்கும் அவள் ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்த இரண்டு படமும் எங்கெங்கோ போயின. முன்பின் தெரியாத நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். ஒருத்தர் அரசாங்கத்தைத் திட்டினார், இன்னொருத்தர் அவரைத் திட்டினார். பத்தாம் நாள் பக்கத்தைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது. 'சட்டப்படியான கோரிக்கையின் பேரில் இந்தப் பக்கம் இந்தியாவில் கிடைக்காது.'

மறுநாள் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாராம். நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, "பொம்பளப் புள்ள, படிச்ச புள்ள. கேஸ் கீஸ்னு போவ வேணாம்" என்றாராம். அருள்மொழிக்கு அரசாங்க லேபில் உதவியாளர் வேலை வந்திருந்தது. அதற்கான நடத்தைச் சான்றிதழ் விசாரணைத் தாளும் அதே மேசையில்தான் கிடந்தது. நாகராஜன் அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் மகள் இனி ஊர்த் தண்ணீரின் அளவைப் பற்றி ஊர் மக்கள் எவருக்கும் வாயாலோ, எழுத்தாலோ, வாட்ஸ்அப் மூலமாகவோ தெரிவிக்க மாட்டாள் என்று. பக்கத்தைப் பற்றி அந்தத் தாளில் ஒன்றுமில்லை. மூடின கதவுக்கு எதற்குப் பூட்டு என்று நினைத்திருப்பார்கள்.

நெல் ஊறிக்கொண்டிருந்த அன்று சாயங்காலம் பாக்யராஜ் வந்தான். நாகராஜனுக்குச் சித்தப்பா மகன். மனை புரோக்கர் வேலை, பாகூரில் ஒரு ஜெராக்ஸ் கடை. செல்வகுமாரி அவனுக்கு வேர்க்கடலை அவித்துக் கொடுத்தாள். தோலை உரித்துத் தட்டின் ஓரத்தில் அழகாக அடுக்கிக்கொண்டே பேசினான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். நேர்ல சொல்லாம இருந்தா உறுத்தும். அந்தப் பெட்டிஷன்ல நானும் கையெழுத்துப் போட்டிருக்கறேன்."

"எந்தப் பெட்டிஷன்?"

"அருளு பேஜ் மேல போச்சே, அது. ஊர்லருந்து முப்பத்திரண்டு பேரு."

நாகராஜன் கடலையை வாயில் போடாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"மனை விக்கலன்னா போட்ட?" என்றாள் செல்வகுமாரி.

"மனைய வுடுண்ணி. மனை இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு. என் பொண்ணுக்கு ஏம்பலத்துலருந்து வந்தாங்க இல்ல, தட்டு மாத்தறதுதான் பாக்கி. பையனோட அம்மா போன எடுத்து என் வூட்டு டம்ளர என்கிட்டயே காட்டறா. 'உங்க ஊர்ல எல்லாருக்கும் கிட்னில கல்லாமே'ன்றா. எழுந்து போய்ட்டாங்க. நான் இன்னா பண்ணுவேன்? என் வூட்டுத் தண்ணி என் வூட்டு விஷயம். அத ஏத்தறதுக்கு என்ன ஒரு வார்த்த கேட்டாளா?"

"உம்பொண்டாட்டிதாண்டா டம்ளர கொண்டாந்து நீட்டனா" என்றாள் செல்வகுமாரி.

"அவளுக்கு இன்னா தெரியும்? போன்ல நாலு பேரு பாப்பாங்கன்னு நெனச்சா. நாப்பதாயிரம் பேரு பாப்பான்னு கண்டாளா?"

முற்றத்தில் முறம் தட்டிக்கொண்டிருந்த ருக்குமணி, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்: "பாத்ததால ஒண்ணும் கல்லு வரல. குடிச்சதாலதான் வந்துச்சு."

"தோ, இவ ஒருத்தி. உனக்கின்னா, உங்க தெருத் தண்ணி தேனு."

"அது தேனுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்? அருளு பேஜ பாத்துதான?"

பாக்யராஜ் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு குரலைத் தாழ்த்தினான். "நான் சொல்றது இன்னான்னா, பேசறதுக்கு உரிமை கீதுதான், இல்லன்னு சொல்லல. அதுக்கோசரம் தெரிஞ்சதயெல்லாம் பேசிடறதா? கவர்மென்டு சும்மா மூடுவானா? ஒருத்தன் எதாவது கெளப்பி வுட்டு, நாலு பேரு ரோட்ல உக்காந்து, பஸ்ஸு ஒடஞ்சா? யாரு பொறுப்பு?"

அருள்மொழி உள்ளிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். எல்லோரும் அவளைப் பார்த்ததும் அவள் தட்டைப் பார்த்தாள்.

"நம்பர் எதாவது தப்பா இருந்துச்சா சித்தப்பா? தப்புன்னா சொல்லுங்க, மாத்திடறேன்."

பாக்யராஜ் ஒரு கடலையை எடுத்து நசுக்கினான். உள்ளே பருப்பு இல்லை. "நம்பர் சரிதாம்மா" என்றான். "அதான் கஷ்டம்."

அவன் போன பிறகு நாகராஜன் யாரைப் பார்த்தும் இல்லாமல் சொன்னார்: "சொல்றதுக்கு ஒரு நேரம் கீது. வேல கைக்கு வரட்டும். அப்பால எது வேணா சொல்லட்டும்."

அருள்மொழி ஏற்கெனவே உள்ளே போய்விட்டிருந்தாள்.

மறுநாள் காலை நெல்லை வடித்துச் சாக்கில் கட்டி, இருட்டறையில் வைத்து, மேலே வைக்கோல் போட்டு, அதன்மேல் அம்மிக்கல்லை ஏற்றினார்கள். ஒரு பகல் ஓர் இரவு அப்படியே இருந்தால் முளை குத்தும். குத்தின பிறகு காக்க வைக்க முடியாது. மறுநாள் காலையிலேயே நாற்றங்காலில் விட்டாக வேண்டும். இல்லாவிட்டால் வேர் ஒன்றோடொன்று பின்னி, விதை பாழ். கடையில் அந்த ரகம் தீர்ந்துபோயிருந்தது. இந்தச் சாக்குதான் அவர்களுடைய ஒன்றரைக் காணி நிலத்துக்கும் விதை. தப்பினால் இந்தச் சம்பா தரிசு.

போன சம்பாவுக்கு மோட்டார் ஓரத்தில் விட்ட நாற்று பதினைந்தாம் நாள் நுனி வெளுத்து, இருபதாம் நாள் பாதி செத்துப்போனது. நாகராஜன் விதைக்கடைக்காரனிடம் சண்டைக்குப் போனார். இந்த முறையும் அதே இடத்தில்தான் சேற்றுழவு ஓட்டி, பரம்படித்துச் சமன் செய்து வைத்திருந்தார்.

கோழிக்குத் தவிடு வாங்க மேற்குத் தெருவுக்குப் போன செல்வகுமாரி, தெரு முனையில் நின்றுவிட்டாள்.

மூட்டம் இன்னும் விலகவில்லை. வீட்டுக்கு வீடு மதில்மீது ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. எவர்சில்வர், பித்தளை, ஒரு வீட்டில் பிளாஸ்டிக் மக். பக்கத்தில் ஆள் இல்லை. வெள்ளைக்குள்ளிருந்து அருள்மொழி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு டம்ளரிலும் மீட்டரை வைத்தாள், படம் எடுத்தாள், தண்ணீரை முருங்கை வேரில் ஊற்றினாள், டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். யாரும் வெளியே வரவில்லை. அவளும் யாரையும் கூப்பிடவில்லை. கடைசி மதில்வரை போய் மூட்டத்துக்குள் கரைந்தாள். செல்வகுமாரிக்குக் கண்ணைக் கசக்க வேண்டும் போலிருந்தது. கவிழ்ந்த டம்ளர்கள் மட்டும் வரிசையாக இருந்தன.

எட்டரை மணிக்கு ருக்குமணி வீட்டு வாசலில் ஆறேழு பெண்கள் கூடியிருந்தார்கள். நடுவில் அவளுடைய போன், ஸ்பீக்கரில்.

"அலோ, கேக்குதா? எழுதிக்கோ. மாதா கோயில் கொழாயி ஐந்நூத்திப் பத்து. சின்னப்பிள்ளை வூடு தொள்ளாயிரம். அதுல பருப்பு போடாதன்னு சொல்லு. தொட்டி ஆயிரத்தி எழுநூறு."

அந்தக் குரல் செல்வகுமாரிக்குத் தெரியும். ஜோஸ்பின். ருக்குமணி புருஷனின் அக்கா. செல்வகுமாரியோடு ஒரே பெஞ்சில் ஐந்தாவதுவரை படித்தவள், பிறகு அதே செல்வகுமாரியின் மாமனார் வயலில் நாற்றுப் பறித்தவள். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்த ஒருத்தருக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் பிரான்சுக்குப் போனாள். அங்கே பள்ளிக்கூடம் கூட்டித் துடைக்கிற வேலை. விடிவதற்கு முன் முதல் பஸ்ஸில் போவாள். அந்த பஸ்ஸில் உட்கார்ந்துதான் போனைப் பார்ப்பாள்.

"ஜோஸ்பினு, நீ எப்பிடிடி பாக்கற?" என்றாள் செல்வகுமாரி.

"யாரு, குமாரியா? எப்பிடின்னா, கண்ணாலதான். இங்க எல்லாம் தெரியுதுடி. உம்பொண்ணு தெனமும் ஏத்தறா. அங்க மட்டுந்தான் மூடி வெச்சிருக்கான். இருவது நாளா பாக்கறேன். உங்க வூட்டுது வேற ஏறிக்கினே போவுது."

செல்வகுமாரி சட்டென்று, "சொல்லாத" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. புருஷன் போட்ட கையெழுத்து அவளையும் கட்டும் என்று ஒரு பயம்.

"சரி, சொல்லல" என்றாள் ஜோஸ்பின். "ஆனா எம்மா, நல்லா கீதே கூத்து. எங்கத் தெருத் தண்ணி எப்பிடின்னு நான் பாரீசு பஸ்ல உக்காந்து எங்கத் தெருவுக்கே சொல்றேன். டிரைவரு என்னப் பாத்துச் சிரிக்கறான்."

பெண்கள் சிரித்தார்கள். அங்கே இன்னும் இருட்டு என்பதை நினைத்து, இங்கே வெயில் படிய ஆரம்பித்த மதிலைச் செல்வகுமாரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் சோறு தின்றுவிட்டு இருட்டறை வாசலில் படுத்தாள். சாக்கிலிருந்து சூடு வந்தது. விதை முளைக்கும்போது உடம்பு மாதிரி சுடும், புளித்த வாசனை அடிக்கும். கண் செருகியது. ஒரு நீளமான பஸ், கண்ணாடி முழுக்க இருட்டு. சீட்டுக்குச் சீட்டு ஆளுக்குப் பதில் ஒரு டம்ளர் தண்ணீர். பஸ் திரும்பும்போது எல்லா டம்ளரிலும் தண்ணீர் ஒரே பக்கம் சாய்ந்தது, ஒரு சொட்டும் சிந்தவில்லை. கடைசி சீட்டில் அவள் வீட்டு டம்ளர் இருந்தது. அதன் எண்ணைப் படிக்கக் கிட்டே போகப் போக பஸ் நீண்டுகொண்டே போனது.

விழித்தபோது அருள்மொழி பக்கத்தில் உட்கார்ந்து சாக்குக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, யாரும் பாக்க முடியாத எடத்துல தெனமும் போய்ப் போடறியே?"

"நான் யாருக்கும் சொல்லலம்மா. அப்பா எழுதிக் குடுத்தத மீறல."

"அதக் கேக்கல. எதுக்குப் போடற?"

அருள்மொழி இன்னொரு கை தண்ணீர் தெளித்தாள். "அன்னைக்கு எவ்ளோ இருந்துச்சுன்னு எங்கயாவது இருக்கணும்ல" என்றாள். பிறகு, "ஜோஸ்பின் பெரிம்மா பாக்கறாங்கன்னு எனக்குத் தெரியும். தெனம் ஒரு லைக் வரும்" என்று சொல்லிவிட்டு, செய்யக்கூடாததைச் செய்த மாதிரி எழுந்து போனாள்.

மூன்றாம் நாள் காலையில் சாக்கைப் பிரித்தார்கள். ஒவ்வொரு நெல்லுக்கும் வெள்ளையாக ஒரு மூக்கு. நாகராஜன் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார். "நல்லாக் குத்திக்கிது" என்றார். குரலில் சந்தோஷம் இருந்தது. அடியில் வேறு என்னமோவும் இருந்தது.

செல்வகுமாரி முதல் கூடை விதையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள். நாற்றங்கால் மெழுகிப்போட்ட மாதிரி இருந்தது. இரவுத் தூறலில் தேங்கின தண்ணீரை வடித்துவிட்டு, மோட்டார் தண்ணீரை ஒரு விரல் நிற்கிற அளவு விட்டு, தெளிந்த பிறகு விதைக்க வேண்டும். நாகராஜன் கொட்டகைக்குள் போய் ஸ்விட்சைப் போட்டார். தண்ணீர் தொட்டியில் விழுந்தது. கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. ஒரு கை அள்ளிக் குடித்தார். இன்னொரு கை அள்ளிக் குடித்தார்.

"எப்பிடி கீது?" என்றாள் செல்வகுமாரி.

"தெரியல குமாரி." கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "எனக்கு எப்பவும் போலத்தான் கீது."

அருள்மொழி தொட்டியின் அந்தப் பக்கம் உட்கார்ந்து டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். வீட்டுத் தண்ணீரைத்தான் அவள் கடைசியாக அளப்பது. மீட்டரைத் தண்ணீருக்குள் வைத்திருந்தாள். படம் எடுத்தாள். அவளுக்கும் அவருக்கும் நடுவில் நாலு முழம்கூட இருக்காது. நாகராஜன் மகளைப் பார்த்தார். மகள் தண்ணீரைப் பார்த்தாள்.

அவர் போனை எடுத்தார். யாருக்கு என்று செல்வகுமாரிக்குப் புரியவில்லை. வேலைக்கு ஆள் கூப்பிடுகிறார் என்று நினைத்தாள். தூரத்து மணி இரண்டு தரம் அடித்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அலோ."

"ஜோஸ்பினா? நான் நாகராஜன் பேசறேன். குமாரி வூட்டுக்காரு."

அந்தப் பக்கம் பஸ் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. முன்பு அவரை அய்யா என்று கூப்பிட்டு, வரப்பை விட்டு இறங்கி நின்றவள். இத்தனை வருஷத்தில் அவர் அவளுக்குப் போன் செய்தது இதுதான் முதல் தடவை.

"சொல்லுண்ணே" என்றாள் ஜோஸ்பின்.

நாகராஜன் தொண்டையைச் செருமினார். "நாத்தாங்கால்ல விதை வுடணும். அதான். எங்க மோட்டாரு... இன்னைக்கு எவ்ளோன்னு பாத்துச் சொல்லு."

செல்வகுமாரிக்குக் கூடை இடுப்பிலிருந்து நழுவியது. பிடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது. ஜோஸ்பின் பார்த்துச் சொல்கிற சேதி அவர் காதுவரை போயிருக்கிறது, நம்பரும் வாங்கி வைத்திருக்கிறார். நாலு முழத்தில் இருக்கிற எண் கடல் தாண்டிப் போய், விடியாத ஒரு பஸ்ஸுக்குள் ஏறி, திரும்பி வர வேண்டும்.

"இரு, பாக்கறேன்... மத்ததெல்லாம் ஏறிடுச்சு. உங்களுது மட்டும் இன்னும் வரலண்ணே."

"வரலியா?"

"வரல. நேத்தையது சொல்லட்டா?"

"நேத்தையது வேணாம். இன்னைக்குத்தான் வுடறேன்."

"அப்பிடின்னா உம்பொண்ணையே கேளேண்ணே. அவ அங்க இல்லியா?"

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நாற்றங்காலின் மடையைத் தண்ணீர் நெருங்கிக்கொண்டிருந்தது. வேலைக்கான தாள் இன்னும் அந்த மேசையில்தான் கிடக்கிறது என்று செல்வகுமாரிக்கு நினைவு வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தாகிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அன்று புதன்.

"ரெண்டாயிரத்து அறநூறு" என்றாள் அருள்மொழி.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் மோட்டார் சத்தத்துக்கு மேலே அது கேட்டது.

"நாத்து தாங்காதுப்பா. போன வருஷம் ஆயிரத்தி எட்டுநூறு இருக்கச் சொல்லோவே பாதி போச்சு. விதை மேல தப்பில்ல."

"யாரு அது பேசறது?" என்றது போன்.

"அருளுடி" என்றாள் செல்வகுமாரி.

"அவளா! பேசிட்டாளா? இங்க நல்லாக் கேக்குதுடி. சொல்லச் சொல்லு."

நாகராஜன் போனைக் கையில் பிடித்தபடி நின்றார். முகம் சிவக்கும், கத்துவார் என்று செல்வகுமாரி காத்திருந்தாள். அவர் குனிந்து மண்வெட்டியை எடுத்தார். மடைக்கு முன்னால் இரண்டு வெட்டு மண் இழுத்துப் போட்டார். நாற்றங்காலுக்குள் நுழைய வந்த தண்ணீர் திகைத்து நின்று, பக்கத்து வாய்க்காலில் திரும்பிக் கோரைப்புல்லுக்குள் போனது. பிறகு கொட்டகைக்குள் போய் மோட்டாரை நிறுத்தினார்.

சத்தம் நின்றதும் வயல்வெளி முழுக்கக் காலியான மாதிரி இருந்தது. எங்கேயோ ஒரு கொக்கு எழுந்தது.

"ஜோஸ்பினு" என்றார். "மேற்கால உன் நெலம் கீதே, ருக்குமணி பயிர் வெக்கறது."

"கீது."

"அதுல நாத்து வுட எடம் இருக்குமா?"

"என்னக் கேக்கறத அவள கேளுண்ணே, அவதான் பயிர் வெக்கறா. தண்ணி ஐந்நூத்தி இருவது. காலைலயே ஏறிடுச்சு." பிறகு, "உங்க நெலத்துல நான் பறிச்ச நாத்துக்கு இன்னும் இடுப்பு வலிக்குதுண்ணே. பறிக்கறதுக்கு மட்டும் என்னக் கூப்பிடாத" என்றாள்.

நாகராஜன் போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். சிரிக்க முயன்றார். "சரிம்மா" என்றார்.

மூட்டம் தரையோடு நகர்ந்துகொண்டிருந்தது. மேற்கே, மூன்று வயல் தள்ளி, தலையில் துண்டு கட்டின ருக்குமணி இடுப்புக்கு மேல் மட்டும் தெரிந்தாள். தன் நாற்றங்காலில் விதை தெளித்துக்கொண்டிருந்தவள் மோட்டார் நின்றதைக் கேட்டு நிமிர்ந்திருக்க வேண்டும். அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள் இரண்டு மூன்று பேர். வரப்போரமாக, மோட்டார் சைக்கிளில் வந்த பாக்யராஜும் நின்றுகொண்டிருந்தான்.

"இன்னாக்கா?" ருக்குமணி கையை வாயருகே குவித்துக் கத்தினாள். "மோட்டார நிறுத்திட்டீங்கோ? எவ்ளோவாம்?"

அருள்மொழி வாயைத் திறந்தாள். நாகராஜன் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வரப்பின்மீது ஏறினார். பாக்யராஜ் இருப்பதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, அறுப்புக் காலத்தில் ஆள் கூப்பிடுகிற குரலை எடுத்தார்.

"ரெண்டாயிரத்து அறநூறு!"

குரல் மூட்டத்தின் மேலேயே போனது. ருக்குமணி அதை வாங்கித் திரும்பி, பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னாள். அவர்கள் தெருவைப் பார்த்துச் சொன்னார்கள். ஒவ்வொரு வாயிலும் எண் மாறாமல் போவதைச் செல்வகுமாரி கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு கூடையைத் தலைக்கு ஏற்றினாள். முளையின் சூடு சும்மாட்டையும் தாண்டி உச்சந்தலையில் இறங்கியது. மேற்கே போகிற வரப்பில் அவள் முதலாவதாக நடந்தாள்.